அப்பர் கையில் இருந்த கருவி



சின்ன வயதில் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம். நால்வர் சன்னிதியில் நான்கு பேர் வரிசையாக நிற்பார்கள். குழந்தையாக இருப்பவர் சம்பந்தர். மாப்பிள்ளை மாதிரி அலங்காரத்தோடு இருப்பவர் சுந்தரர். கையில் ஏடு வைத்திருப்பவர் மாணிக்கவாசகர். மழித்த தலையும் உருத்திராக்கமுமாக, தோளில் ஒரு நீளக் கம்பைச் சாய்த்துக்கொண்டு நிற்பவர்தான் அப்பர். அந்தக் கம்பின் நுனியில் தட்டையாக ஏதோ இருக்கும். படகு வலிக்கிற துடுப்பு என்றுதான் ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். கடலில் கல்லோடு மிதந்தவர் என்று பாட்டி சொன்ன கதைக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்துச்சு.

வளர்ந்த பிறகுதான் அது உழவாரம் என்று தெரிந்தது. நீண்ட மரக் கைப்பிடி, அதன் முனையில் அகலமான இரும்புத் தகடு. தரையோடு ஒட்டித் தள்ளினால் புல்லையும் பூண்டையும் செதுக்கிவிடும். நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகள் முழுவதும் அப்பர் பாடியவை. அப்படிப்பட்ட புலவருக்கு ஏட்டையும் எழுத்தாணியையும் கொடுக்காமல், புல் செதுக்குகிற கருவியைக் கொடுத்து நிற்க வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்கள். ஏன்?

போன வருஷம் இந்தக் கேள்வி எனக்கு மறுபடியும் வந்தது. எங்கள் வட்டாரக் கோயிலுக்குப் பின்னால் ஒரு சிற்றாறு ஓடுகிறது. கரை முழுக்க லாலாங் புல்லும் குப்பையும். அதில் பாதிக் குப்பை நாமே போட்டதுதான். காய்ந்த மாலை, நெகிழிப் பை, உடைந்த சாமி படத்தின் கண்ணாடி, தேங்காய் மூடி, அகல் விளக்கு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ச் சுத்தம் செய்வது என்று எங்கள் குழு முடிவு செய்தது. முதல் மாதம் நாற்பது பேர் வந்தார்கள். படம் எடுத்தோம், புலனக் குழுவில் போட்டோம், பாராட்டு குவிந்தது. நான்காவது மாதம் வந்தது ஆறே பேர். ஆற்றங்கரையோ முதல் மாதம் பார்த்த மாதிரியே இருந்தது. விட்டுடலாம்னு எனக்கே தோணிடுச்சு.

அந்த வாரம் சமய வகுப்பில் நான் அப்பரைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதற்காகச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தில் திருநாவுக்கரசர் வரலாற்றை முதன்முறையாக முழுசாகப் படித்தேன். கல்லும் கடலும் மட்டும்தான் கதை என்று நினைத்திருந்தவனுக்கு, அந்த உழவாரத்தின் கதை புதுசாக இருந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

குளம் வெட்டிய இளைஞர்

அப்பர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டில். திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூர் என்பது அவர் ஊர். இன்றைய கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. புகழனார், மாதினியார் என்ற வேளாளர் தம்பதிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் திலகவதியார். அவருக்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த தம்பி மருள்நீக்கியார். அப்பருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இதுதான்.

அக்காவைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னாடியே அரசன் கட்டளைப்படி அவர் வடக்கே போருக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் அப்பா நோயில் இறந்தார். அம்மாவும் கூடவே போய்விட்டார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்ட செய்தி வந்தது. அவருக்கென்று நிச்சயிக்கப்பட்ட உயிர் இது, அவரோடு போகட்டும் என்று திலகவதியார் துணிந்துவிட்டார். தம்பி காலில் விழுந்து அழுதார். அக்காவும் இல்லையென்றால் தானும் இருக்கப் போவதில்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அக்கா உயிரைத் தாங்கிக்கொண்டு வீட்டில் தவ வாழ்க்கை வாழத் தொடங்கினார்.

இப்படி ஒரே நேரத்தில் எல்லாம் போன ஒரு பையன் என்ன செய்வான்? நம்மில் சிலர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வோம். மருள்நீக்கியார் இந்த உலகில் எதுவும் நிலையில்லை என்று உணர்ந்து, இருந்த செல்வத்தை எடுத்து அறம் செய்யப் போனார். அறச்சாலை வைத்தார், தண்ணீர்ப் பந்தல் போட்டார், சோலை வளர்த்தார், குளம் தோண்டினார். சேக்கிழார் இதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறார். நாயன்மார் ஆவதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே மரம் வளர்த்துக் குளம் வெட்டியவர் அவர். இந்த இடத்தை நான் இரண்டு தடவை படித்தேன்.

துடைப்பம் ஏந்திய அக்கா

எது உண்மை என்ற தேடலில் மருள்நீக்கியார் சமண சமயத்தில் சேர்ந்தார். பாடலிபுத்திரம் என்று அப்போது அழைக்கப்பட்ட திருப்பாதிரிப்புலியூரில், அதாவது இன்றைய கடலூர்ப் பகுதியில், சமண நூல்களை ஆழமாகக் கற்றார். தருமசேனர் என்ற பெயரோடு அங்கே தலைமை நிலைக்கு உயர்ந்தார்.

அக்கா தனியானார். வீட்டை விட்டுக் கெடிலக் கரையில் இருக்கும் திருவதிகை வீரட்டானத்துக்குப் போய்விட்டார். அங்கே அவர் என்ன செய்தார் தெரியுமா? பொழுது விடிவதற்கு முன்பே எழுந்து கோயிலைக் கூட்டினார். சாணத்தால் மெழுகினார். பூப்பறித்து வந்து மாலை கட்டினார். தம்பியை மீட்டுத் தரவேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டார். அவருடைய தவம் எல்லாம் இந்தத் துடைப்பத்திலும் சாணத்திலும்தான் இருந்தது.

ஒருநாள் தருமசேனருக்குச் சூலை நோய் வந்தது. வயிற்றுக்குள் நெருப்பு வைத்த மாதிரி வலி. அங்கே செய்த எந்த வைத்தியமும் பலிக்கவில்லை. கடைசியில் அக்கா நினைவு வந்தது. இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்து போய் அக்கா காலில் விழுந்தார். திலகவதியார் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடியற்காலையில் கோயில் வேலைக்குப் புறப்படும் நேரமும் வந்துவிட்டது. துடைப்பம், சாணம், தோண்டி மூன்றையும் எடுத்துக்கொண்டு தம்பியையும் கூடவே அழைத்துப் போனார்.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். இருட்டு இன்னும் விலகவில்லை. ஒரு பெரிய சமயத்தின் தலைவராக இருந்தவர் வலியில் தள்ளாடி நடக்கிறார். முன்னால் அக்கா கையில் துடைப்பத்தோடு போகிறார். தம்பிக்காக அன்றைய வேலையை அக்கா தள்ளிப்போடவில்லை.

வீரட்டானேசுவரர் முன்னால் நின்று அவர் தம் முதல் பதிகத்தைப் பாடினார். வலி நீங்கியது. நாவுக்கரசு என்ற பெயர் கிடைத்தது. அதன் பிறகு அவர் எடுத்துக்கொண்டதுதான் உழவாரம். மனத்தால் தியானம், வாயால் பாட்டு, கையால் உழவாரம் என்று மூன்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அக்கா கோயிலுக்குள் கூட்டினார். தம்பி வெளியே, வெயிலிலும் மழையிலும், பிராகாரத்துப் புல்லையும் முள்ளையும் செதுக்கப் போனார். இந்தக் கைவேலையை அவர் அக்காவிடமிருந்துதான் கற்றுக்கொண்டார் என்பது என் எண்ணம்.

அரசன் முன்னால்

சமயம் மாறிய செய்தி பல்லவ அரசன் காதுக்குப் போனது. அந்த அரசன் முதலாம் மகேந்திரவர்மன் என்று வரலாற்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நாவுக்கரசரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தார்கள். நஞ்சு கலந்த சோறு கொடுத்தார்கள். யானையை ஏவினார்கள். கடைசியாகக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள். ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே அந்தக் கல்லையே தெப்பமாக்கித் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்கிறது புராணம். அரசனும் பிறகு மனம் மாறிச் சைவனானான்.

இந்தக் கதை நமக்கு எல்லாருக்கும் தெரியும். நான் கவனித்தது அடுத்து நடந்ததை. அரசனையே வென்ற பிறகு அவருக்கு எந்தப் பதவி வேண்டுமானாலும் கிடைத்திருக்கும். அவரோ உழவாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தார். தில்லை, சீகாழி, திருவாரூர், திருமறைக்காடு என்று ஊர் ஊராக நடை. போன இடமெல்லாம் பாட்டு, போன இடமெல்லாம் புல் செதுக்குதல்.

சீகாழியில் சின்னப் பிள்ளையான சம்பந்தர் அவரைப் பார்த்து அப்பர் என்று அழைத்தார். அப்பா என்று பொருள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. திங்களூரில் அப்பூதியடிகள் என்றொருவர், அப்பரை நேரில் பார்க்காமலேயே தம் பிள்ளைகளுக்கும் தாம் வைத்த குளத்துக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் திருநாவுக்கரசு என்று பெயர் சூட்டியிருந்தார். ஊர் முழுக்க தன் பெயரைப் பார்த்தால் நமக்குத் தலை கொஞ்சம் கனத்திருக்கும் இல்லையா? அப்பரோ அப்பூதியடிகளிடம் போய், சொந்தப் பெயரை எழுதாமல் வேறொரு பெயரை எழுதியது எதற்கு என்றுதான் கேட்டார்.

திருப்பூந்துருத்தியில் இன்னொரு நிகழ்ச்சி. சம்பந்தர் பல்லக்கில் வருகிறார். கூட்டத்தோடு கூட்டமாகப் புகுந்த அப்பர், யாருக்கும் தெரியாமல் பல்லக்கைச் சுமக்கிறவர்களில் ஒருவராகிவிட்டார். அப்பர் எங்கே என்று சம்பந்தர் கேட்டபோது, பல்லக்குக்கு அடியிலிருந்து பதில் வந்தது. வயதில் மூத்தவர், புகழில் உச்சத்தில் இருந்தவர், இளையவரைச் சுமந்துகொண்டிருந்தார்.

திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசியும் தாகமும் அவரை வாட்டின. அப்போது இறைவனே வழியில் ஒரு சோலையையும் குளத்தையும் உண்டாக்கி, அந்தணராக வந்து பொதிசோறு கொடுத்தார் என்பது வரலாறு. இளம் வயதில் சோலை வளர்த்துக் குளம் வெட்டியவருக்கு, களைத்துப்போன வயதில் ஒரு சோலையும் குளமும் கிடைத்தன. இதைச் சேக்கிழார் இணைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படித் தோன்றியது.

வட்டமில்லாத காசு

திருவீழிமிழலையில் அப்பரும் சம்பந்தரும் தங்கியிருந்தபோது நாட்டில் பஞ்சம் வந்தது. மழை இல்லை, விளைச்சல் இல்லை. அடியார்கள் பசியாற வேண்டும் என்பதற்காக இறைவன் தினமும் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பொற்காசு வைத்தார். இரண்டு மடத்திலும் சோறு ஆக்கிப் போட்டார்கள். ஆனால் ஒரு வித்தியாசம். அப்பர் மடத்தில் நேரத்தோடு சாப்பாடு போட்டார்கள். சம்பந்தர் மடத்தில் நேரம் ஆனது.

காரணம் கேட்டால், சம்பந்தருக்குக் கிடைத்த காசு வாசிக் காசு. கடைக்காரர்கள் அதற்கு வட்டம் பிடித்தார்கள், அதாவது மதிப்பைக் குறைத்தே வாங்கினார்கள். மாற்றிக்கொண்டு வருவதற்குள் நேரமாகிவிடும். அப்பர் காசை முழு மதிப்புக்கு அப்படியே வாங்கிக்கொண்டார்கள். இறைவன் ஏன் இப்படி வேறுபாடு செய்தார்? அப்பர் கையால் தொண்டு செய்தவர், அதனால்தான் என்று சேக்கிழார் காரணம் சொல்கிறார். பிறகு சம்பந்தர் பதிகம் பாடித் தாமும் நல்ல காசு பெற்றார்.

ஞானப்பால் குடித்த குழந்தைக்குக்கூட இல்லாத ஒன்று புல் செதுக்கிய கிழவருக்கு இருந்தது. நம் சமயத்தில் கைவேலைக்கு இருக்கும் மதிப்பு இது. நாம்தான் மேடையில் பேசுகிறவரை முன்வரிசையில் உட்கார வைக்கிறோம், வளாகம் கூட்டுகிற அக்காவின் பெயர்கூடத் தெரியாமல் இருக்கிறோம்.

புகலூரில் கடைசி நாட்கள்

கயிலையைப் பார்க்க ஆசைப்பட்டு அப்பர் வடக்கே நடந்தார். கால் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், கடைசியில் உருண்டு போனார். இறைவன் முனிவராக வந்து தடுத்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொன்னார். மூழ்கியவர் திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். அங்கே ஆணும் பெண்ணுமாக வந்த விலங்குகளிலும் பறவைகளிலும் அம்மையப்பரைக் கண்டார். கயிலையைத் தேடிப் போனவருக்குக் கயிலைக் காட்சி கிடைத்தது காவிரிக்கரையில், சாதாரண உயிரினங்களின் நடுவில்.

அதற்குப் பிறகும் உழவாரம் கையை விட்டுப் போகவில்லை. முதுமையில் திருப்புகலூரில் தங்கிக் கோயில் முற்றத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் செதுக்கிய இடத்தில் பருக்கைக் கல்லோடு பொன்னும் மணியும் மின்னின. அப்பர் என்ன செய்தார்? கல்லையும் பொன்னையும் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்து உழவாரத்தில் வாரித் தாமரைக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பிறகு தேவமகளிர் வந்து ஆடினார்கள், பாடினார்கள். அதற்கும் அவர் மனம் அசையவில்லை.

ஒரு சித்திரைச் சதய நாளில் அவர் அங்கேயே இறைவனோடு கலந்தார். அப்போது அவருக்கு 81 வயது என்பது மரபு. அவருடைய குருபூசையை இன்றும் சித்திரைச் சதயத்தில்தான் நாம் கொண்டாடுகிறோம்.

நம் ஆற்றங்கரை

படித்து முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கு மாதத்தில் நான் சலித்துவிட்டேன். புல் மறுபடியும் முளைக்கிறதே என்பதுதான் என் கவலை. அப்பருக்கு அது தெரியாதா? நேற்றுச் செதுக்கிய இடத்தில் நாளைக்கு முளைக்கும். முளைக்கிற வரைக்கும் செதுக்க வேண்டியதுதான். முடிந்துவிடும் என்று நினைத்து அவர் அந்த வேலையைத் தொடங்கவில்லை. அதனால்தான் முடியவில்லையே என்று சோர்ந்தும் போகவில்லை.

அடுத்த மாதமும் போனோம். ஆறு பேர்தான். படம் எடுக்கவில்லை. போகப் போகச் சில விஷயங்களைக் கற்றுக்கொண்டோம். ஒரு தடவை ஆர்வக்கோளாறில் இயந்திரம் வைத்துக் கரையை மொட்டையடித்துவிட்டோம். அடுத்த பெரிய மழையில் கரை மண் சரிந்து ஆற்றில் இறங்கிவிட்டது. அந்தக் காலத்தில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த தாத்தா ஒருவர்தான் விளக்கினார். மண் அரித்துப் போகாமல் இருக்கத் தோட்டங்களில் படர்கொடி போட்டு வளர்ப்பார்களாம். கரையில் வேர்தான் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே கோயில் தளத்திலும் நடைபாதையிலும் புல்லைச் செதுக்குங்கள். கரையில் குப்பையை மட்டும் எடுத்துவிட்டு வேரை விட்டுவிடுங்கள். கோபுர இடுக்கில் பறவை எச்சத்தால் முளைக்கும் ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பெரிசானால் சுவரையே பிளந்துவிடும்.

கையுறையும் பூட்ஸும் கட்டாயம். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காயத்தில் பட்டால் காய்ச்சல் வரும், அது உயிருக்கே ஆபத்தாகலாம். அகல் விளக்கிலும் தேங்காய் மூடியிலும் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். பக்தியோடு வைத்த விளக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கியைக் கொண்டுவரக் கூடாது இல்லையா?

கோயில் பணிக்கும் காட்டுப் பணிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். அப்பர் பாடிய தில்லையை எடுத்துக்கொள்வோம். தில்லை என்பது முதலில் ஒரு மரத்தின் பெயர். உப்புத் தண்ணீர் ஏறுகிற சதுப்பு நிலத்தில் வளரும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்த மரக்காடு இருந்த இடம்தான் சிதம்பரம் ஆனது. அதே மரம் நம் நாட்டுக் கடலோரச் சதுப்புக் காடுகளிலும் இருக்கிறது. மலாய் மொழியில் பூத்தா-பூத்தா என்பார்கள். பூத்தா என்றால் குருடு. அடுத்த தடவை சதுப்பு நிலத்தில் மரக்கன்று நட நண்பர்கள் கூப்பிட்டால், அது யாரோ செய்கிற வேலை என்று ஒதுங்காதீர்கள். தில்லைவனமும் இப்படிப்பட்ட சேற்றில் வளர்ந்த காடுதான்.

இப்போது எங்களோடு பதினொரு பேர் வருகிறார்கள். முதல் மாதக் கூட்டம் திரும்பி வரவில்லை. ஆனால் உடைந்த சாமி படங்களைப் போட கோயில் நிர்வாகம் தனியாக ஒரு தொட்டி வைத்திருக்கிறது. கரையில் கண்ணாடித் துண்டு குறைந்திருக்கிறது. போன மாதம் மீன்கொத்தி ஒன்று தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். எங்களுக்கு அது போதும்.

வரும் சித்திரைச் சதயத்தில் உங்கள் ஊரில் அப்பர் குருபூசை நடக்கும். பதிகம் பாடுங்கள், பிரசாதம் சாப்பிடுங்கள். அதற்கு முன்னால், காலையில் ஒரு மணி நேரம், கோயில் வளாகத்திலோ பின்னால் ஓடும் ஆற்றங்கரையிலோ குனிந்து வேலை செய்துவிட்டு வாருங்கள். கை அழுக்கோடு போய் நால்வர் சன்னிதியில் நில்லுங்கள். அவர் தோளில் சாய்ந்திருக்கும் கருவி அன்றைக்கு உங்களுக்கும் கொஞ்சம் சொந்தமாகும்.

திருச்சிற்றம்பலம்.